சமுதாயக் கூடத்து வாசலில் ஓர் எருமைக்கன்று

எங்கள் சாமக்காட்டுப்புதூரில் பிள்ளைகளின் கோபங்கள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது ஐப்பசி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. நேரம் இவ்வளவு சரியாக எனக்குத் தெரியக் காரணம் இருக்கிறது: சமுதாயக் கூடத்துச் சாவி என்னிடம்தான் இருக்கிறது, பெருக்கி ஜமக்காளம் விரித்துக் கொடுப்பதும் நான்தான். அன்றைக்கு விளக்குமாற்றை மூலையில் சாத்திவிட்டு வாசலுக்கு வந்தால், எட்டுப் பிள்ளைகளின் செருப்புகள் கிடந்த இடத்தில் ஒவ்வொரு ஜோடிக்குப் பக்கத்திலும் ஒரு பிராணி உட்கார்ந்திருந்தது. மழை வரும்போல இருக்கிறதே, எல்லாம் நனைந்துபோகுமே என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டு மேலே போகிறேன். நானூறு வீடு, எழுநூறு விசைத்தறி. தறிகள் இராப்பகலாக ஓடுகின்றன, அந்தச் சத்தத்துக்கு மேலே எழும்பித்தான் எதையும் பேச வேண்டும் என்பதால் நாங்கள் கொஞ்சுவதையும் கத்தித்தான் கொஞ்சுகிறோம், ரகசியத்தையும் கத்தித்தான் சொல்கிறோம், பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் உள்ளே சண்டை நடக்கிறதென்று நினைத்துத் தெருமுனையிலேயே திரும்பிப் போனதுகூட உண்டு. எங்கள் கைக்குழந்தைகள் தறிச் சத்தத்தில் தூங்கும், கரண்டு போனால் விழித்து அழும். எங்கள் தறி நிற்பது இரண்டே காரியத்துக்குத்தான்: ஒன்று கரண்டு போக வேண்டும், இல்லையென்றால் பிணம் போக வேண்டும், பாடை எந்தத் தெருவில் போகிறதோ அந்தத் தெருத் தறிகளை மட்டும் நிறுத்தி, தாண்டியதும் ஓட்டிவிடுவோம். இப்படிப்பட்ட ஊரில் ஒரு பிள்ளை வீறிட்டால் யார் காதில் விழும்? எதையாவது தூக்கி எறிந்தால்தான் திரும்பிப் பார்ப்போம்.

அப்படி எறிந்தவள் நேத்ரா. நாலாம் வகுப்பு, ஒன்பது வயது, இரட்டைச் சடை. ஆடி மாதம் பள்ளிக்கூடத்து ஜன்னல் கண்ணாடியை உடைத்தாள், ஆவணியில் சாம்பார் வாளியை உதைத்துக் கவிழ்த்தாள், புரட்டாசியில் தகரப் பென்சில் டப்பாவை வீசி, கிரிநாத் என்ற பையனின் புருவத்தைக் கிழித்து நாலு தையல் போட வைத்தாள். கிரிநாத்தின் அப்பா மயில்சாமி எங்கள் தறிச் சங்கத் தலைவர். நேத்ராவின் அம்மா பூங்கொடி தறி ஓட்டுவதும் அவருடைய தறிக்குடோனில்தான். "ஒண்ணு அந்தப் புள்ளை அங்க படிக்கோணும், இல்ல என்ற பையன் படிக்கோணும்" என்று மயில்சாமி நேராகப் போய்ச் சொல்ல, தலைமையாசிரியர் சென்னியப்பன் பூங்கொடியைக் கூப்பிட்டு, அரையாண்டு லீவு வரைக்கும் பார்ப்பதாகவும், அதற்குள் பிள்ளை திருந்தாவிட்டால் டி.சி.யைக் கையில் கொடுத்துவிடுவதாகவும் சொல்லிவிட்டார். டி.சி. கொடுத்தால் பக்கத்தில் வேறு பள்ளிக்கூடம் கிடையாது, நாமக்கல் பக்கம் ஏதாவது விடுதியில்தான் சேர்க்க வேண்டும். புருஷன் சிவநேசன் தறி மெக்கானிக்காகச் சூரத்துக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இனி மகளும் போய்விட்டால் ஷிப்ட் முடிந்து அந்த ஒற்றை அறை வீட்டுக் கதவைத் திறக்கும்போது தன்னை யார் என்று கேட்கக்கூட ஆள் இருக்காது என்று பூங்கொடி என்னிடம் சொல்லி அழுதாள். அதையும் கத்தித்தான் சொன்னாள், பாவம்.

அந்தச் சமயத்தில்தான் ஜெசிந்தா டீச்சர் வந்தார். டீச்சர் இல்லை, பிள்ளைகளின் மனசைப் பார்க்கப் படித்தவர், நாகர்கோவில்காரர். ஆனால் சேலையும் கைப்பையுமாக யார் வந்தாலும் எங்களுக்கு டீச்சர்தான். அடிக்கிற, கடிக்கிற, உடைக்கிற, வாயே திறக்காத பிள்ளைகள் எட்டுப் பேரைச் சேர்த்து வைத்துப் பத்துச் சனிக்கிழமை வட்டமாக உட்கார வைத்துப் பேசினால் சரியாகும் என்றார். பேசினால் சரியாகுமா என்று ஊர் சிரித்தது. முதல் சனிக்கிழமை எட்டுப் பிள்ளைகளும் கூடத்தை ரெண்டாக்கிவிட்டுப் போனார்கள், ஜமக்காளத்தில் பல் தடம்கூட இருந்தது. இரண்டாவது சனிக்கிழமை டீச்சர் வாசலிலேயே நின்றுகொண்டு, "செருப்பைக் கழத்துகீங்கல்ல மக்களே, கோவத்தையும் அதுகூடவே கழத்தி வச்சுட்டு உள்ள வாங்க, யாரும் எடுக்க மாட்டாங்க, போகும்போ அவங்கவங்களது அவங்கவங்களுக்கு" என்று சொன்னார், பிள்ளைகளும் சொன்னபடியே செய்தார்கள், அவ்வளவுதான் நடந்தது.

கடிக்கிற மிதுனுடையது கழுத்தில் இறகில்லாத சேவலாக இருந்தது. வாய் திறக்காத பர்வீனுடையது ஆமை, ஓட்டுக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. நேத்ராவினுடையது ஓர் எருமைக்கன்று. முழங்கால் வரைக்கும் சேறு, உடம்பெல்லாம் ஈரம், சிவந்த கண், அவளுடைய நீல ரப்பர் செருப்புக்கு மேலேயே மோவாயை வைத்துப் படுத்திருந்தது. வகுப்பு முடிந்து பிள்ளைகள் செருப்பைப் போட்டதும் ஒவ்வொன்றும் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு, தன் ஆளுக்குப் பின்னாலேயே வீட்டுக்குப் போனது. கன்று போன வழியெல்லாம் சேற்றுக் குளம்புத் தடம் கிடந்ததால் நான் மறுபடியும் வாசலைக் கழுவ வேண்டியதாயிற்று.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், எங்கள் ஊர் எதையும் முதலில் குறை சொல்லித்தான் எடுத்துக்கொள்ளும். பஸ் கண்டக்டர் சேவலுக்கு டிக்கெட் போடுவதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்து, மடியில் வைத்துக்கொண்டால் வேண்டாம் என்று முடிவு பண்ணினார். கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து கன்றின் வாயைத் திறந்து பார்த்து, பல் எல்லாம் பால் பல், ஆனால் வயசு சொல்ல முடியவில்லை, இதற்குத் தடுப்பூசி எங்கள் பட்டியலில் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மாரியம்மன் கோயில் பூசாரி இவற்றை உள்ளே விடக் கூடாது என்றார், அப்புறம் அம்மன் கையில் சூலம் வைத்துக்கொண்டு எந்தக் கோபத்தை வெளியே விட்டுவிட்டு வந்தாளாம் என்று பர்வீனின் அம்மா கேட்டதும் வழியை விட்டு விலகிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் கன்றை வேப்ப மரத்தில் கட்டச் சொன்னார் சென்னியப்பன். எந்தக் கயிற்றில் கட்டினாலும் நேத்ரா உட்கார்ந்த பெஞ்சுக்குக் கீழேதான் அது இருந்தது.

நாலாவது சனிக்கிழமை முதல் பெரியவர்களும் வர ஆரம்பித்தார்கள். வகுப்புக்கு இல்லை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கொஞ்ச நேரம் படியில் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவதற்கு. மாமியார்கள் வந்தார்கள், மருமகள்கள் வந்தார்கள், அவர்கள் இறக்கி வைத்த பூனைகள் ஒன்றையொன்று பார்த்து முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றன. நூல்கடைக்காரர் இறக்கி வைத்தது நண்டு. நான் இறக்கி வைத்தது என்னவென்று உங்களுக்குச் சொல்வதாக இல்லை. செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடிப்போனால் தொல்லை விட்டது என்று சிலர் தந்திரம் பண்ணினார்கள், பொழுது சாய்வதற்குள் அவரவர் கோபம் செருப்பை வாயில் கவ்விக்கொண்டு அவரவர் வாசலில் வந்து நின்றது. ஒருத்தர் தன்னுடைய கிடாயைத் தறியில் பூட்டிப் பார்த்தார். நெய்த துணியை இந்த நாள் வரைக்கும் எந்தக் கத்தரியாலும் வெட்ட முடியவில்லை, சுருட்டின சுருளோடு சங்கத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறோம். மயில்சாமி மட்டும் வரவில்லை. எனக்குக் கோபமே கிடையாது, நியாயம்தான் உண்டு என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

உள்ளே வகுப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. கோபம் உடம்பில் எங்கே முதலில் வருகிறது என்று டீச்சர் கேட்டார். பல்லில் வருகிறது என்றான் மிதுன், காதில் என்றது ஒரு பிள்ளை, தொண்டையில் என்று பர்வீன் விரலால் காட்டினாள், வயிற்றில் என்றாள் நேத்ரா. அது வரும்போது கண்ணை மூடி, கையில் ஆவி பறக்கிற டீ இருக்கிறதாக நினைத்து, மூன்று தரம் ஊதி ஆற்ற வேண்டும். ஆறினதும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், அதுவும் மெதுவாகச் சொல்ல வேண்டும்: எனக்குக் கோவம் வருது, ஏன்னா. அந்த ஏன்னாவுக்கு அப்புறம் வருவதுதான் மருந்து, அதை அவரவர்தான் சொல்ல முடியும், வேறு யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்றார் டீச்சர். ஊதுவதைப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். மெதுவாகப் பேசுவதுதான் வரவில்லை, எங்கள் ஊர்த் தொண்டைக்கு அந்தச் சுதியே கிடையாது. ஜன்னலை எல்லாம் அடைத்து, கதவிடுக்கில் கோணியைச் செருகி, தறிச் சத்தத்தை வெளியே தள்ளின பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

மிதுன் ஐந்தாவது வாரம் சொன்னான். "எனக்குக் கோவம் வருது, ஏன்னா என்னைய எல்லாரும் தம்பியோட ஒப்பிட்டுப் பாக்கறாங்க." அன்றைக்கு அவன் சேவலுக்குக் கழுத்தில் ரெண்டு இறகு முளைத்தது. ஏழாவது வாரம் பர்வீன் வாயைத் திறந்தாள். வட்டத்தில் ஒவ்வொருத்தராகச் சொல்லி முடித்தார்கள், ஒவ்வொரு தடவையும் மற்ற ஏழு பேரும் கையைத் தட்டினார்கள். நேத்ரா மட்டும், "எனக்குக் கோவம் வருது, ஏன்னா" என்று சொல்லி, அதற்குமேல் போக முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், வாசலில் கன்று எழுந்து நின்று கதவை முட்டும். எறிவதை நிறுத்திவிட்டாள் என்பது உண்மைதான். ஆனால் கன்று வாரத்துக்கு வாரம் கனத்துக்கொண்டே போனது.

ஒன்பதாவது சனிக்கிழமை சென்னியப்பன் சோதிக்க வந்தார், தோள்பையில் டி.சி.யை நிரப்பிக் கையெழுத்துப் போட்டே கொண்டுவந்திருந்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, நேத்ரா ஏன்னாவோடு நின்றுபோனதைப் பார்த்தார், குறித்துக்கொண்டார். "டீச்சர், ஊதறது எல்லாஞ் சரிங்க. ஆனா உள்ள இருக்கற சமாச்சாரம் அப்பிடியே இருக்குதுங்களே. மயில்சாமிக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தவருக்கு அந்த நேரம் பார்த்து மேலதிகாரியிடமிருந்து போன் வந்தது. போன் பேசிக்கொண்டு செருப்பைத் தேடுகிற மனுஷன் எங்கே பார்ப்பான்? கல்யாண வீட்டிலும் கோயிலிலும் நாம் எல்லோரும் செய்கிற தவறுதான். காலால் துழாவி, கட்டைவிரலுக்கு அகப்பட்டதில் நுழைத்து, ரெண்டு எட்டு நடந்த பிறகுதான் அது நீல ரப்பர் செருப்பு, அவர் குதிகால் பாதிக்கு மேல் தரையில் இருக்கிறது என்று தெரிந்தது. உதறிவிட்டுத் தன்னுடையதைத் தேடிப் போட்டுக்கொண்டார். ஆனால் கன்று அதற்குள் எழுந்து, உடம்பை உதறி, அவருக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஆறு மணிக்கு, சென்னியப்பன் காரணம் தெரியாமல் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாராம். யாருக்குங்க காத்திருக்கறீங்க என்று சம்சாரம் கேட்டதற்குத் தெரியவில்லை என்றாராம். ஏழு மணி ஆனது, எட்டு மணி ஆனது, போன் அடிக்கவில்லை, கன்று வந்து அவர் மடியில் தலையை வைத்தது, ஐம்பத்தாறு வயசு மனுஷன், இருபது வருஷமாகப் பிரம்பு பிடித்த கை, தேம்பித் தேம்பி அழுதிருக்கிறார். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் குப்பைக்கூடையை உதைத்தார். செவ்வாய்க்கிழமை தன் மேஜைக் கண்ணாடியைத் தானே உடைத்தார். புதன்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு வராத அதிகாரிக்குப் போன் போட்டு, "வர்றேன்னு சொன்னா வரோணும்! வர முடியாதவங்க சொல்லக் கூடாது!" என்று கத்தின கத்து, சத்தியமாகச் சொல்கிறேன், மூன்று தெருத் தறிக்கு மேலே கேட்டது.

அன்றைக்கே என்னிடம் ஓடி வந்தார். "ஏனுங்க, அந்தக் கூடத்தைக் கொஞ்சம் தொறங்க. இதைய எறக்கி வெச்சுப்போட்டுப் போயிர்றேன்."

"சாவி எங்கிட்ட இருக்குதுங்க சார். சனிக்கிழமை எங்கிட்ட இல்லீங்களே" என்றேன். அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கும் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

அந்த வாரம் நேத்ரா எப்படி இருந்தாள் என்றால், நல்ல பிள்ளையாக இருந்தாள். கேட்டதற்குத் தலையை ஆட்டினாள், வைத்ததைச் சாப்பிட்டாள், கிரிநாத் பின்னால் இருந்து சடையை இழுத்தபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தீர்களா, சரியாகிவிட்டது என்று ஊர் சொன்னது. பூங்கொடிதான் பயந்துபோய் வெள்ளிக்கிழமை ஜெசிந்தா டீச்சருக்குப் போன் போட்டாள். "டீச்சர், என்ற புள்ளை மாதிரியே இல்லீங்க. தட்டுல கல்லைப் போட்டாலும் முழுங்கிப்போடுவா போல இருக்குது. எனக்கு அந்தப் பழைய புள்ளையே போதுங்க."

பத்தாவது சனிக்கிழமை எட்டு மணிக்கே சென்னியப்பன் கூடத்து வாசலில் நின்றார். கண் ரெண்டும் கன்றின் கண் மாதிரியே சிவந்திருந்தது. டீச்சர் அவரை வட்டத்தில் உட்காரச் சொன்னார், அவரும் சம்மணம் போட்டு மிதுனுக்கும் பர்வீனுக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

"எங்க வருது சார்?" என்று கேட்டான் மிதுன்.

"வயித்துல."

"டீய ஊதுங்க சார். மூணு வாட்டி" என்றாள் பர்வீன். "அவசரப்படாம ஊதுங்க. உங்களுக்குப் பழக்கமில்லல்ல, அதான்."

அவர் ஊதினார். முதல் தடவை இருமல் வந்தது, மிதுன் முதுகைத் தட்டிக் கொடுத்தான். மூன்றாவது தடவைக்கு அப்புறம் அவர் வாயைத் திறந்தார். "எனக்குக் கோவம் வருது, ஏன்னா..." டீச்சர் சட்டென்று கையை நீட்டித் தடுத்தார். "வேண்டாம் சார். அந்த ஏன்னா உங்களுக்குள்ளது இல்ல. அதுக்கு உரியவ இஞ்ச இருக்கா."

அவர் நேத்ராவைப் பார்த்தார். அப்புறம் சொன்னார், எங்கள் ஊரில் யாரும் அவ்வளவு மெதுவாகப் பேசி அதுவரைக்கும் நான் கேட்டதில்லை. "நான் ஒரு வாரந்தான் கண்ணு இதைய வெச்சிருந்தேன். ஒரு வாரத்துல கூடை, மேஜை, பெரிய ஆபீசர் வரைக்கும் போயிட்டேன். நீ ஒன்றரை வருசமா தெனமும் இதைய இழுத்துக்கிட்டு, புத்தகப் பையையும் தூக்கிக்கிட்டு, ஒம்பது மணி பெல்லுக்கு வந்து நின்னிருக்கறே. இத்தன கனத்துக்கு நீ ஒடைச்சது ரொம்பக் கம்மி சாமி."

நேத்ரா எழுந்தாள். ஒரு வாரமாக முகத்தில் இல்லாத என்னவோ ஒன்று வந்து உட்கார்ந்தது. "சார், அது என்னோடது. குடுத்துருங்க."

எல்லோரும் வாசலுக்குப் போனோம். அவள் தன் நீலச் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள், கன்று சென்னியப்பனின் செருப்புப் பக்கத்திலிருந்து எழுந்து போய் அவள் இடுப்பில் முகத்தைத் தேய்த்தது, அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "பயந்துட்டியா?" என்று கேட்டாள். சென்னியப்பன் தோள்பையைத் திறந்து காட்டினார்; டி.சி. இருந்த இடத்தில் எச்சில் பட்ட ஒரு மூலை மட்டும் மிச்சம் இருந்தது. கன்று தின்றுவிட்டது, இன்னொன்று எழுத என் கைக்கு வராது என்றார். ஆனால் மயில்சாமி ஒத்துக்கொள்ள வேண்டும், அவர் மேலதிகாரிகளுக்கு எழுதிப் போட்டால் நான் நினைத்தும் பலனில்லை என்றும் சொன்னார்.

"நானே அவருகிட்டப் பேசறேன்" என்றாள் நேத்ரா.

அந்த ஊர்வலத்தைப் பார்க்காதவர்கள் எங்கள் ஊரில் இன்றைக்கும் வருத்தப்படுகிறார்கள். முன்னால் நேத்ராவும் எருமைக்கன்றும், அடுத்து கழுத்து நிறைய இறகோடு சேவலைத் தோளில் வைத்துக்கொண்டு மிதுன், ஆமைக்காக மெதுவாக நடக்கிற பர்வீன், அவளுக்காக மெதுவாக நடக்கிற மற்ற ஐந்து பேர், அவர்களுக்குப் பின்னால் பூனையும் நண்டும் கிடாயுமாகப் பெரியவர்கள், செருப்பையே மறந்து வெறுங்காலோடு வந்த தலைமையாசிரியர், கடைசியில் சாவிக்கொத்தோடு நான். நூல்கடைத் தெருவைத் தாண்டி, மாரியம்மன் கோயிலைச் சுற்றி, தறிகள் தடதடக்கிற நாலு சந்துகளையும் கடந்து மயில்சாமி குடோன் முன்னால் போய் நின்றோம். என்ன சத்தம் என்று அவர் வெளியே வந்தார், அவர் காலுக்குப் பின்னால், கோபமே கிடையாது என்று சொன்ன மனுஷனுக்குப் பின்னால், இவ்வளவு பெரிய கருப்பு நாய் ஒன்று நின்று உறுமியது. அவரும் அப்போதுதான் அதைத் திரும்பிப் பார்த்தார். பூங்கொடி தறியை விட்டுவிட்டு ஓடி வந்து கதவோரமாக நின்றாள்.

நேத்ரா கண்ணை மூடி மூன்று தரம் ஊதினாள். அப்புறம் பக்கத்தில் போய் நின்று மெதுவாகப் பேசினாள், கேட்க வேண்டும் என்றால் குனிந்துதான் ஆக வேண்டும் என்பதால் மயில்சாமி குனிந்தார்.

"கிரிநாத்தை அடிச்சது தப்புங்க. அவன் மேல எனக்குக் கோவமில்லீங்க. வேற எடத்துக் கோவம் அவன் மேல விழுந்துருச்சுங்க."

மயில்சாமி இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"இன்னொண்ணு கேக்கோணுங்க. நாளைக்கு ஞாயித்துக்கெழம ஆறு மணிக்குப் பத்து நிமிசம் தறிய நிறுத்தித் தருவீங்களா? போன்ல எங்கப்பாகிட்ட ஒண்ணு சொல்லோணும். கத்துனா அது வேற மாதிரி ஆயிருதுங்க. மெதுவாச் சொல்லோணும்."

"தறிய நிறுத்தறதா? பொணம் போனாத்தான் பாப்பா நிறுத்துவாங்க!"

"உசுரோட இருக்கறவங்களுக்கு நிறுத்தக் கூடாதுங்களா?"

அவள் வாய்த்துடுக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். குடோனுக்குள்ளிருந்து கிரிநாத் வந்தான், புருவத்தில் தையல் தடம் வெள்ளையாகத் தெரிந்தது. அவன் நேத்ராவைப் பார்த்தான், கன்றைப் பார்த்தான், மெல்லக் கையை நீட்டி அதன் நெற்றியைத் தொட்டான். "நிறுத்துங்கப்பா" என்றான். "நானுந்தான் அவ சடைய இழுத்தேன்." கருப்பு நாய் உறுமுவதை விட்டுவிட்டு, முன்னங்கால் ரெண்டையும் நீட்டிப் படுத்துக்கொண்டது. மயில்சாமி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தார், பிறகு சென்னியப்பனிடம், "புள்ளை அங்கியே படிக்கட்டும் வாத்தியாரே" என்று சொல்லிவிட்டு, தறி நிறுத்துகிற செய்தியைச் சங்கத்துக்குச் சொல்லப் புறப்பட்டார். பூங்கொடி கதவோரத்தில் அப்படியே உட்கார்ந்து மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள், கன்றுக்கும் அந்த மடியில் இடம் வேண்டியிருந்தது, கொடுத்தாள்.

மறுநாள் ஆறு மணிக்கு எழுநூறு தறியும் நின்றன. கரண்டு இருந்தது, பிணம் எதுவும் போகவில்லை, ஆனாலும் நின்றன. ஊரிலிருந்த கைக்குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்து அழுது, அம்மாக்கள் முதல் தடவையாகக் காதோரம் கிசுகிசுத்துச் சமாதானம் பண்ண, ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டது: கோயில் மரத்தில் குருவி, யார் வீட்டிலோ சுவர்க்கடிகாரம், சட்டியில் தாளிக்கிற கடுகு. எங்கள் ஊரில் இத்தனை சத்தம் இருப்பது எங்களுக்கே தெரியாது. பூங்கொடி வீட்டு வாசலில் ஊரே வந்து நின்றது, அவரவர் கோபத்தை அவரவர் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.

நேத்ரா படியில் உட்கார்ந்து அம்மாவின் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, சூரத்துக்கு அடித்தாள். கன்று அவள் காலடியில் நின்றது. ஏழெட்டுத் தடவை மணி அடித்த பிறகு எடுத்தான் சிவநேசன், அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தறிகளின் இரைச்சல் முழுவதும் எங்கள் தெருவுக்குள் கொட்டியது.

"ஆரு? பூங்கொடியா? ஒண்ணுமே கேக்கலே, சத்தமாப் பேசு!"

அவள் கத்தவில்லை. போனை முகத்துக்கு நேராகப் பிடித்து மூன்று தரம் ஊதினாள். "அப்பா, நேத்ராங்கப்பா. எனக்குக் கோவம் வருது, ஏன்னா" என்று சொல்லி நிறுத்தினாள். சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு தனக்குள்ளே டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"ஏன்னா, ஞாயித்துக்கெழம ஆறு மணிக்குக் கூப்புடறேன்னு சொல்லிப்போட்டு நீங்க கூப்புடறதில்ல. நான் வெளையாடப் போகாம போனையே பாத்துட்டு உக்காந்திருக்கறேன். கூப்புட முடியலைன்னா முடியலைன்னு சொல்லுங்க. சொல்லாம மட்டும் இருக்காதீங்க."

"என்ன கண்ணு? கேக்கலே சாமி! தறி ஓடுது, சத்தமாச் சொல்லு!"

பூங்கொடி போனை வாங்கிக் கத்துவதற்காகக் கையை நீட்டினாள். நேத்ரா தலையை ஆட்டி மறுத்தாள். அதே குரலில், ஓர் இம்மிகூட ஏற்றாமல், "எனக்குக் கோவம் வருதுங்கப்பா" என்று மறுபடியும் ஆரம்பித்தாள்.

அந்தப் பக்கம் என்னவோ கையால் அடித்து நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு தறி நின்றது. பக்கத்துத் தறி நின்றது. அதற்கும் அடுத்தது, அதற்கும் அடுத்தது என்று ஒவ்வொன்றாக அடங்கி, கடைசியில் எங்கள் ஊருக்கும் சூரத்துக்கும் நடுவில் ஒரு சத்தமும் இல்லாமல் போனது. ஒரு மனுஷன் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"நிறுத்திட்டேன் சாமி" என்றான் சிவநேசன், மெதுவாக. "இப்பச் சொல்லு. கேக்குது."

கன்று முன்னங்காலை மடக்கி அவள் பாதத்தின் மேல் படுத்துக்கொண்டது. நேத்ரா முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.